ஒரு ராத்திரிக்கா, நாலு வருஷத்துக்கா? லெனார்ட் செஷயரின் பதக்கங்கள்

பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கியவர்களின் சான்றுரைகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் ஒரு வாய்ப்பாடு பிடிபட்டுவிடும். இன்ன நாள், இன்ன இடம், எதிரி இப்படிச் சுட்டான், இவர் இப்படிச் செய்தார், பல சமயம் அங்கேயே இறந்தார். நம் ஊர் நடுகற்களும் அப்படித்தான். ஒரு ஆநிரை மீட்பு, ஒரு புலிக்குத்து என்று ஒரே காட்சியைச் செதுக்கி நிறுத்தியிருப்பார்கள். மனிதன் முப்பது வருஷம் வாழ்ந்திருப்பான். கல்லில் இருப்பது அரை நாழிகை.

1944 செப்டம்பர் 8 அன்று லண்டன் அரசிதழில் வந்த ஒரு விக்டோரியா கிராஸ் சான்றுரை இந்த வாய்ப்பாட்டுக்குள் அடங்கவில்லை. அது 1940 ஜூனில் தொடங்கி 1944 ஜூலையில் முடிகிறது. நடுவில் பெர்லின், பிரெமன், கொலோன், டூயிஸ்பர்க், எஸ்ஸன், கீல் என்று ஊர்ப்பெயர்களாக வருகின்றன. கடைசியில், மொத்தம் 100 தாக்குதல் பயணங்கள் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரர் விங் கமாண்டர் ஜெஃப்ரி லெனார்ட் செஷயர், பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சு விமானி. அரசிதழ் வெளிவந்ததற்கு முந்தைய நாள்தான் அவருக்கு 27 வயது நிறைந்திருந்தது. அதற்குள்ளாகவே டி.எஸ்.ஓ. (டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் ஆர்டர்) என்ற பதக்கத்தை மூன்று தடவை, டி.எஃப்.சி. (டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ்) என்பதை ஒரு தடவை வாங்கி முடித்திருந்தார்.

வீரத்துக்குப் பதக்கம் கொடுக்கிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எது அவர்கள் கண்ணில் படுவதில்லை என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் இந்த மனிதரின் பதக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கப்போகிறேன்.

எந்தப் பதக்கம் எதற்கு

முதலில் கொஞ்சம் விதிமுறை. டி.எஃப்.சி. 1918 ஜூனில் உண்டானது. பிரிட்டிஷ் விமானப்படை தனிப்படையாகி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எதிரியோடு மோதும் பறத்தலில் காட்டிய வீரத்துக்காக அதைக் கொடுத்தார்கள், அதுவும் அதிகாரிகளுக்கும் வாரண்ட் அதிகாரிகளுக்கும் மட்டும். அதே விமானத்தில் அதே நெருப்புக்குள் உட்கார்ந்திருந்த சார்ஜன்ட்டுக்கு டி.எஃப்.எம். (டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் மெடல்) என்று வேறொரு பதக்கம். 1993-ல்தான் இந்தப் பாகுபாடு ஒழிந்தது.

டி.எஸ்.ஓ. அதற்கும் பழையது, 1886-லிருந்து இருக்கிறது. போர்முனையில் சிறப்பாகத் தலைமை தாங்குவதற்கானது. மேஜர், ஸ்க்வாட்ரன் லீடர் போன்ற பதவியில் இருப்பவர்களுக்கே வழக்கமாகப் போகும். சின்ன அதிகாரி ஒருவருக்கு அது கிடைத்தால், விக்டோரியா கிராஸ் மயிரிழையில் தவறிப்போயிருக்கிறது என்று படைக்குள் புரிந்துகொள்வார்கள். அதே பதக்கத்தை இரண்டாம் முறை வென்றால் புதுப் பதக்கம் தரமாட்டார்கள். பழைய ரிப்பனிலேயே ஒரு பட்டையைச் சேர்ப்பார்கள். செஷயரின் ரிப்பனில் இரண்டு பட்டைகள்.

விக்டோரியா கிராஸ் 1856-ல், கிரிமியப் போரின் முடிவில் வந்தது. எதிரியின் முன்னால் காட்டும் தலைசிறந்த வீரத்துக்கு, துணிகரச் செயலுக்கு, தன்னையே கொடுக்கும் தியாகத்துக்கு என்று விதி அடுக்கிக்கொண்டே போகிறது. அந்த அடுக்கில் இன்னொன்றும் உண்டு: கடமையில் அளவுகடந்த ஈடுபாடு. செஷயர் நுழைந்தது இந்தக் கதவு வழியாகத்தான். அவருக்கு முன்னால் வேறு சிலரும் நுழைந்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் ஆல்பர்ட் பால், ஜேம்ஸ் மெக்கடன், எட்வர்ட் மேனக் ஆகிய சண்டை விமானிகளுக்கும் ஒரு நாள் மோதலுக்காக அல்லாமல், பல நாள் மோதல்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் எண்ணிக்கை காட்ட முடிந்தவர்கள். வீழ்த்திய விமானங்களை எண்ணிவிடலாம். குண்டுவீச்சு விமானி எதை எண்ணிக் காட்டுவார்? திரும்பி வந்த ராத்திரிகளைத்தான்.

அந்த எண்ணிக்கையின் கனம் புரிய இரண்டு எண்கள் போதும். இரண்டாம் உலகப் போரில் பாம்பர் கமாண்ட் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் பிரிவில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். செத்தவர்கள் 55,573. முதல் சுற்று என்பது 30 பயணம். அதை முடித்தால் ஓய்வு, பயிற்சி வேலை, அப்புறம் வேண்டுமானால் அதைவிடச் சிறிதாக இன்னொரு சுற்று. செஷயர் முடித்தது நான்கு சுற்று.

கண்ணைக் கட்டிக்கொண்டு பயிற்சி

செஷயரின் அப்பா ஆக்ஸ்ஃபோர்டில் பெரிய சட்ட அறிஞர். மகனும் அங்கேயே மெர்ட்டன் கல்லூரியில் சட்டம் படித்தார், சுமாராக. படிப்பைவிட வேகமான கார்களில்தான் நாட்டம் அதிகம். பல்கலைக்கழக விமானப் பிரிவில் சேர்ந்ததும் அந்த வேகப் பித்தில்தான். போர் வந்தது. 1940 ஜூனில் 102-வது ஸ்க்வாட்ரன் என்ற விமான அணியில் விட்லி குண்டுவீச்சு விமானத்தின் இரண்டாம் விமானியாகப் போய் உட்கார்ந்தார்.

அங்கே அவருக்கு வாய்த்த முதல் விமானி லாங் என்ற நியூசிலாந்துக்காரர். எல்லாரும் 'லாஃப்டி' என்று கூப்பிடுவார்கள். தீரச் செயல் எதையும் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு விமானி இருக்கையில் உட்கார வேண்டும். எந்த விசை எங்கே, எந்தக் குழாய்த் திறப்பு எங்கே என்று கை தானாகப் போகும்வரை தடவித் தடவிப் பழக வேண்டும். பறக்காத நாட்களில் வால் பக்கத் துப்பாக்கிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, அங்கே இருப்பவனுக்கு எது தெரியும், எது தெரியாது என்று பார்க்க வேண்டும். பின்னாளில் செஷயர் செய்தவை எல்லாவற்றிலும் இந்தப் பழக்கத்தின் வாடை அடிக்கிறது. விமானத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் யோசிப்பவர் அவர்.

அந்தப் பயிற்சி ஐந்தே மாதத்தில் தேவைப்பட்டது. 1940 நவம்பர் 12 இரவு. முதல் இலக்கான எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மேகத்துக்குள் மறைந்திருந்ததால் கொலோன் ரயில் முனையத்துக்குத் திரும்பினார்கள். பீரங்கிக் குண்டு ஒன்று தாக்கியதில் விமானத்துக்குள் இருந்த வெளிச்சக் குண்டு பற்றி வெடித்தது. விமான உடலின் ஒரு பக்கம் சுமார் 10 அடிக்குப் பிய்ந்துபோய் ராத்திரி அப்படியே உள்ளே தெரிந்தது. ரேடியோ இயக்குபவரின் முகம் கருகிவிட்டது. நெருப்பை அணைத்து, குண்டுகளையும் இலக்கில் போட்டுவிட்டு, அந்த ஓட்டை விமானத்தை இங்கிலாந்துவரை கொண்டுவந்தார்கள்.

செஷயருக்கு டி.எஸ்.ஓ. கிடைத்தது. வயது 23, சின்ன அதிகாரி. ஆகவே அது எவ்வளவு பெரிய டி.எஸ்.ஓ. என்று மேலே சொன்ன கணக்கில் விளங்கும். முகம் கருகிய நிலையிலும் ரேடியோவை விட்டு நகர மறுத்த சார்ஜன்ட்டுக்கு டி.எஃப்.எம். கிடைத்தது. ஒரே ஓட்டை, ஒரே நெருப்பு, இரண்டு பதக்கம். இதை அநியாயம் என்று அந்தக் காலத்தில் பெரும்பாலோர் நினைக்கவில்லை. எனக்கு உறுத்துகிறது.

1941 மார்ச்சில் டி.எஃப்.சி. வந்தது. அடுத்து டி.எஸ்.ஓ.வுக்கு முதல் பட்டை. இந்த இரண்டும் தொடர்ந்து பறந்துகொண்டிருந்ததற்காக வந்தவை; சொல்லும்படி தனிக்கதை எதுவும் இல்லை. முதல் சுற்று முடிந்த உடனேயே இரண்டாவதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, 35-வது ஸ்க்வாட்ரனில் புதிதாக வந்திருந்த ஹாலிஃபாக்ஸ் என்ற நாலு எஞ்சின் விமானத்துக்குப் போனார். பயிற்சி கொடுக்கத் தரைக்கு அனுப்பிய காலத்திலும் சும்மா இருக்கவில்லை, நாலு தடவை பறந்துவிட்டு வந்தார்.

துப்பாக்கியைக் கழற்றியது

1942 ஆகஸ்டில் 76-வது ஸ்க்வாட்ரனின் தலைமை அவரிடம் வந்தது. ஹாலிஃபாக்ஸ் விமானங்கள் சரசரவென்று காணாமல்போய்க்கொண்டிருந்த சமயம். எதிரியின் சண்டை விமானம் வந்தால் என்ன செய்ய? இன்னொரு துப்பாக்கியைப் பொருத்து என்பதுதான் யாருக்கும் தோன்றும் பதில். செஷயர் நேர்மாறாகப் போனார். பாரம்தான் ஆளைக் கொல்கிறது என்று முடிவுகட்டி, மூக்கிலிருந்த துப்பாக்கிக் கூண்டையும் முதுகிலிருந்ததையும் கழற்றச் சொன்னார். எஞ்சின் புகைக்குழாய் மூடிகள், இன்னும் கனமான சில சாமான்கள், எல்லாம் போயின. விமானம் உயரமாகவும் வேகமாகவும் பறந்தது. இழப்பு குறைந்தது. பையன்களுக்கு உயிர் வந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரு ஸ்க்வாட்ரனில் ஒரு மாதத்தில் இரண்டு விமானம் கூடுதலாகத் திரும்பி வந்தால் பதினான்கு பேர் பிழைக்கிறார்கள். கொலோன் ராத்திரியில் அவர் காப்பாற்றியது தன்னோடு சேர்த்து ஐந்து பேரை. இரண்டில் எது பெரிது? ஆனால் ஸ்பேனரால் செய்த காரியத்துக்குச் சான்றுரை எழுத யாருக்கும் வராது. 76-வது ஸ்க்வாட்ரனை விட்டுக் கிளம்பிய பிறகு, 1943 ஏப்ரலில், டி.எஸ்.ஓ.வுக்கு இரண்டாம் பட்டை கொடுத்தார்கள். தலைமைக்கு என்று பொதுவாக. விக்டோரியா கிராஸ் சான்றுரையிலோ அந்த ஏழெட்டு மாதம் ஒற்றை வாக்கியத்தில் போய்விடுகிறது. துப்பாக்கிக் கூண்டு பற்றி ஒரு சொல் இல்லை.

அந்தத் தலைமைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் அது ஆய்வு ஆகாது. தரையில் வேலை பார்த்த ஒவ்வொருவரின் பெயரையும் மனப்பாடம் செய்து வைத்திருந்து பேர் சொல்லிக் கூப்பிட்ட அதே மனிதர், இனிப் பறக்க முடியாது என்று மனம் உடைந்தவர்களிடம் இரக்கமே காட்டவில்லை. அப்போது விமானப்படை அவர்களுக்கு 'மனத்திண்மை இல்லாதவர்' என்று முத்திரை குத்தி, பதவி பறித்து அனுப்பிவிடும். அச்சம் தொற்றுநோய் மாதிரி, ஒருவனிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவும் என்று சொல்லி செஷயர் அவர்களை உடனுக்குடன் வெளியேற்றினார். பின்னாளில் அவரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்: நாங்கள் விமானிகள், மனநல வைத்தியர்கள் இல்லை என்ற தொனியில். இருபத்தைந்து பயணம் போய்விட்டு இருபத்தாறாவதில் கை நடுங்கியவன் கோழையா? இருபத்தைந்து தடவை போயிருக்கிறானே என்று கேட்க அந்த ஏற்பாட்டில் இடமில்லை. தொடர்ந்து போய்வருவதே வீரம் என்று ஒருவருக்குச் சிலுவை கொடுத்த படை, முக்கால்வாசி தூரம் போனவனுக்கு முத்திரை குத்தியது.

94 கஜமும் 350 கஜமும்

1943 மார்ச்சில், 25 வயதில், குரூப் கேப்டன் ஆனார். விமானப்படையிலேயே அந்தப் பதவியில் வயதில் இளையவர். மார்ஸ்டன் மூர் நிலையத்தின் பொறுப்பு, அதாவது நாற்காலி, கோப்பு, பயிற்சி மாணவர்கள். ஏழு மாதம் தாங்கினார். பதவியை ஒரு படி இறக்கிக்கொள்கிறேன், திரும்பப் பறக்க விடுங்கள் என்று கேட்டு, மறுபடி விங் கமாண்டராகி, 617-வது ஸ்க்வாட்ரனுக்குத் தலைமை ஏற்றார்.

அது 1943 மே மாதம் ஜெர்மனியின் அணைகளை உடைத்துப் பேர் வாங்கிய படை. போன 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் 8 திரும்பவில்லை. 53 பேர் இறந்தார்கள். செப்டம்பரில் டார்ட்மண்ட்-எம்ஸ் கால்வாய்க்குப் போய் மறுபடி அடிவாங்கி, தலைவரையும் இழந்திருந்தது. பேர் பெரிதாக இருந்தது, ஆட்கள் குறைவாக இருந்தார்கள்.

டிசம்பர் 16 இரவு பிரான்சில் ஃபிலிக்ஸ்கூர் என்ற இடத்தில் ஜெர்மானியர்களின் வி-ஆயுத (ஆளில்லாப் பறக்கும் குண்டு) ஏவுதளத்தைத் தாக்கப் போனார்கள். இந்த ஒரு ராத்திரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரவுக் குண்டுவீச்சில் முதலில் ஒரு விமானம் போய் வண்ண வெளிச்சக் குறியை இலக்கின்மேல் போடும்; பின்னால் வருபவர்கள் அந்தக் குறியைப் பார்த்துத்தான் குண்டு போடுவார்கள். அன்றைக்குக் குறி போட்டது உயரத்தில், ரேடியோ அலைகளின் வழிகாட்டலில் பறந்த மொஸ்கிட்டோ என்ற சிறிய விமானம். 617-ன் குண்டுகள் குறியைச் சுற்றி சராசரியாக 94 கஜத்துக்குள் விழுந்தன. அந்தக் காலத்துக்கு அது நம்ப முடியாத துல்லியம். ஆனால் குறியே இலக்கிலிருந்து 350 கஜம் தள்ளி விழுந்திருந்தது. ஏவுதளத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

குண்டு போடுவதில் கோளாறு இல்லை, குறி வைப்பதில்தான் என்று செஷயர் பிடித்துக்கொண்டார். தாழப் பறந்து, கண்ணால் பார்த்து, குறியை இலக்கின் தலையிலேயே வைத்துவிட்டால்? முன்னால் போய் இலக்குகளைக் குறித்துக்காட்டும் பாதைகாட்டிப் படையின் தலைவரான டான் பென்னட்டுக்கு இது பிடிக்கவில்லை. தாழப் பறந்தால் எதுவும் தெளிவாகத் தெரியாது, ஆளும் மிஞ்சமாட்டான் என்பது அவர் கட்சி. செஷயரின் குழுமத் தலைவர் ரால்ஃப் காக்ரேன் செய்துபார் என்று விட்டுவிட்டார்.

1944 பிப்ரவரி 8, லிமோஜ். பிரெஞ்சு நகரத்தில் ஜெர்மானியர்களுக்காக விமான எஞ்சின் செய்துகொண்டிருந்த நோம்-ரோன் தொழிற்சாலை. உள்ளே இரவுப் பணியில் சுமார் 300 பிரெஞ்சுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள். செஷயர் தன் லங்காஸ்டரைக் கூரைமேல் உரசுகிற மாதிரி மூன்று தடவை ஓட்டிக் காட்டினார். ஓடிவிடுங்கள் என்று சொல்ல வேறு மொழி இல்லை. பெண்கள் வெளியே ஓடியதைப் பார்த்த பிறகு நாலாவது சுற்றில் நூறடி உயரத்திலிருந்து தீக்குண்டுகளை நட்டநடுவே போட்டார். பின்னால் வந்தவர்கள் தொழிற்சாலையைத் தரைமட்டமாக்கினார்கள். முப்பது டன் எடையுள்ள நாலு எஞ்சின் விமானத்தைக் கூரைக்கு மேல் மூன்று தடவை சும்மா ஓட்டுவது எதிரிக்கு மூன்று தடவை முன்கூட்டித் தகவல் கொடுப்பதற்குச் சமம். நான் பதக்கக் குழுவில் இருந்திருந்தால் இந்த ராத்திரியைத்தான் முதலில் எழுதியிருப்பேன். சான்றுரையில் லிமோஜ் இல்லை.

மியூனிக்

சான்றுரை தேர்ந்தெடுத்தது மியூனிக்கை. 1944 ஏப்ரல் 24 இரவு.

லங்காஸ்டர் இந்த வேலைக்குப் பெரிய உடம்பு என்று மொஸ்கிட்டோக்களைக் கேட்டு வாங்கியிருந்தார். காவல் பலமாக உள்ள ஜெர்மன் நகரத்தின்மேல் முறை எடுபடுமா என்று பார்க்க வேண்டும். அதற்கு மியூனிக் வேண்டும் என்று கேட்டதும் அவர்தான். காரணம் அங்கே தேடொளி விளக்குகளும் சிறு பீரங்கிகளும் மிக அதிகம் என்பதே. எளிதான கேள்வித்தாளைக் கேட்கிற மாணவனைப் பார்த்திருக்கிறோம். கடினமானதைக் கேட்டு வாங்கியவர் இவர்.

மொஸ்கிட்டோவின் எரிபொருள் அவ்வளவு தூரத்துக்கு இழுபறிதான். ஆகவே இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள மேன்ஸ்டனிலிருந்து கிளம்பினார்கள், நான்கு விமானங்கள். சுற்றிப் போக எண்ணெய் இல்லை என்பதால் மோசமான வானிலையில் நேர்வழி. அது ஆக்ஸ்பர்க் நகரத்தின் பீரங்கிகளுக்கு மேலாகப் போகிறது. மியூனிக் வந்தபோது மேலே உயரத்தில் பறந்த நம்மவர்கள் வெளிச்சக் குண்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள், கீழிருந்து தேடொளி. இரண்டு வெளிச்சத்துக்கும் நடுவில் அவர் விமானம் மேடையில் நிற்பது மாதிரி நின்றது. 700 அடிக்கு மூக்கைக் குத்தி இறங்கிக் குறியைப் போட்டார். மேலேறும்போது தேடொளி கண்ணைப் பறித்ததில் கட்டுப்பாடு கிட்டத்தட்டப் போய்விட்டது. அதற்குப் பிறகும் 1,000 அடியில் நகரத்தின்மேல் சுற்றி, குறி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, வருகிறவர்களுக்கு வழி சொன்னார். சிதறல்கள் விமானத்தைத் துளைத்தன. கிளம்பிய பிறகும் 12 நிமிடம் சுட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சான்றுரை இதற்குப் பயன்படுத்தும் சொற்கள் கவனிக்கத்தக்கவை. நிதானமாகக் கணக்குப்போட்டு ஆபத்தை ஏற்றுக்கொண்டவர் என்கிறது. வழக்கமாக இந்த மாதிரிச் சான்றுரைகளில் கொதிப்பு இருக்கும்; இதில் ஒரு கணக்கர் தெரிகிறார். மியூனிக்கில் செய்தது அவருடைய வழக்கமான வேலைக்கு ஒரு மாதிரி என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் எழுதியவர்களின் சங்கடம் வெளிப்படுகிறது. நாலு வருஷத்துக்குக் கொடுக்கிறோம் என்று சொன்னால் மட்டும் போதவில்லை. படிக்கிறவன் கண்ணுக்கு ஒரு ராத்திரியைக் காட்டியாக வேண்டும், நடுகல்லுக்கு ஒரு காட்சி வேண்டும் என்பதுபோல.

காட்சியே இல்லாத ராத்திரிகளும் இருந்தன. ஜூன் 5 இரவு, நேச நாட்டுப் படைகளின் நார்மண்டித் தரையிறக்கத்துக்குச் சில மணி நேரம் முன்னால், 617-ன் லங்காஸ்டர்கள் ஆங்கிலக் கால்வாயின்மேல் வட்டம் வட்டமாகச் சுற்றி அலுமினியத் தாள் கற்றைகளைக் கொட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வட்டமும் முந்தையதைவிடச் சிறிது முன்னே. ஜெர்மன் ரேடாரில் பார்த்தால் ஒரு பெரிய கப்பல் கூட்டம் மெதுவாக ஆன்டிஃபேர் முனையை நோக்கி வருவது போலிருக்கும். ஒரு குண்டு போடவில்லை, ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. நொடி பிசகினால் கப்பல் கூட்டம் திரையில் தாவிக் குதிக்கும், குட்டு வெளிப்பட்டுவிடும். வாரக்கணக்கில் இதற்காகப் பயிற்சி எடுத்தார்கள். பறந்தவர்களுக்குச் சலிப்பூட்டிய ராத்திரி என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே மாதம் பிரான்சின் சோமூர் ரயில் சுரங்கப்பாதையில், பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த 12,000 பவுண்டு 'டால்பாய்' குண்டை முதன்முதலாகப் போட்டபோது குறி வைத்தது செஷயர். லெ ஹாவ்ர் துறைமுகத்தில் பட்டப்பகலில், மேகமே இல்லாத வானத்தில் இறங்கிக் குறி வைத்தது சான்றுரையில் இடம்பெற்றிருக்கிறது. ஜூன் 25-ல் நடந்தது கொஞ்சம் வேடிக்கை. அமெரிக்கர்களிடம் கேட்டிருந்த மஸ்டாங் விமானம் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. ஒற்றை எஞ்சின், ஒற்றை இருக்கை. வழி பார்ப்பதும் தானே. ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காத அந்த விமானத்தில் அன்றே ஏறி, சிராகூர் ஏவுதளத்துக்குப் போய்க் குறி வைத்துவிட்டு, அதைத் தரையிறக்குவது எப்படி என்பதை இருட்டில் கற்றுக்கொண்டார்.

ஜூலை 6-ல் மிமொயெக். லண்டனைச் சுடுவதற்காக மலைக்குள் ஜெர்மானியர்கள் கட்டிக்கொண்டிருந்த ராட்சத பீரங்கித் தளம். அது முடிந்த கையோடு காக்ரேன் அவரைத் தரையிறக்கிவிட்டார். நூறு போதும், இனி வேண்டாம்.

அதற்கப்புறம்

1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகிமேல் அணுகுண்டு விழுந்தபோது பிரிட்டன் அனுப்பிய இரண்டு பார்வையாளர்களில் ஒருவர் செஷயர். மற்றவர் இயற்பியலாளர் வில்லியம் பென்னி. அவர்கள் ஏறியிருந்த விமானம் சந்திப்பிடத்தைத் தவறவிட்டுவிட்டது. வாழ்நாள் முழுக்க இலக்கின் தலைமேல் நேரத்துக்குப் போய் நின்றவர், அன்று தாமதமாக, தொலைவிலிருந்து மேகத்தைத்தான் பார்த்தார்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் உடல்நலம் காரணமாகப் படையை விட்டார். 1948-ல் ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற பெரிய வீட்டில் கடனோடு உட்கார்ந்திருந்தபோது, ஆர்தர் டைக்ஸ் என்ற பழைய விமானப்படைக்காரர் புற்றுநோயில் போக இடமில்லாமல் கிடக்கிறார் என்று தெரிந்து வீட்டுக்கு அழைத்து வந்தார். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை எதுவும் தெரியாது. துடைத்து, மலம் அள்ளி, படுக்கை மாற்றிக் கற்றுக்கொண்டார். டைக்ஸ் அந்த ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார். 1949 கோடைக்குள் அந்த வீட்டில் 24 பேர் இருந்தார்கள். அப்படித் தொடங்கியவைதான் நோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் பார்த்துக்கொள்ளும் செஷயர் இல்லங்கள். இங்கிலாந்துக்கு வெளியே முதல் இல்லம் பம்பாயில் அமைந்தது; 1959-ல் சமூகப் பணியாளர் சூ ரைடரை அவர் மணந்ததும் பம்பாயில்தான். 1981-ல் கிடைத்த ஆர்டர் ஆஃப் மெரிட், ஒரே சமயத்தில் 24 பேருக்கு மேல் வைத்திருக்க முடியாத விருது. 1992 ஜூலை 31 அன்று இறந்தார்.

ஒன்றை விட்டுவிட்டேன். 1945 நவம்பர், பக்கிங்ஹாம் அரண்மனை. விக்டோரியா கிராஸ் வாங்க அன்றைக்கு வந்த இன்னொருவர் நார்மன் ஜாக்சன், லங்காஸ்டரின் எஞ்சின் பொறியாளர். மியூனிக் ராத்திரிக்கு இரண்டு நாள் கழித்து, ஷ்வைன்ஃபர்ட் தாக்குதல். ஜாக்சனின் சுற்று கணக்குப்படி முடிந்திருந்தது. தன் குழுவினரோடு சேர்ந்தே முடிக்க வேண்டும் என்பதற்காக 31-வதாக ஒரு பயணம் போனார். இறக்கையில் தீப்பிடித்தது. சுமார் 20,000 அடி உயரத்தில், தீயணைப்புக் குப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மேல் கதவு வழியாக வெளியேறி இறக்கைக்குத் தவழ்ந்தார். பாராசூட் உள்ளேயே விரிந்துவிட்டது. கூட்டாளிகள் அதன் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். குப்பி நழுவியது, நெருப்பு முகத்தையும் கைகளையும் பொசுக்கியது, பாதி எரிந்த பாராசூட்டோடு கீழே விழுந்தார். பிழைத்ததும், போர்க்கைதி ஆனதும் ஆச்சரியம். அவர் செய்தது வெளியே தெரிந்ததற்குக் காரணம், அதே விமானத்திலிருந்து குதித்துப் பிடிபட்ட கூட்டாளிகள் போர் முடிந்து திரும்பி வந்து சொன்னதுதான். ஏழு பேரும் செத்திருந்தால் அந்த இறக்கையில் யார் தவழ்ந்தார் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த 55,573 பேரில் அப்படி எத்தனை பேரோ.

பதவி வித்தியாசம் பார்க்காமல் இருவரும் சேர்ந்தே அரசரிடம் போக வேண்டும் என்று செஷயர் பிடிவாதம் பிடித்தாராம். ஆறாம் ஜார்ஜ் அரசர் முன்னால் நின்றதும், இந்த ஆள் என்னைவிட அதிகமாகக் கழுத்தை நீட்டியவர், இவருக்கே முதலில் கொடுங்கள் என்றாராம். ஜாக்சன் பின்னாளில் சொன்னது இது. செஷயர் சொன்னதை மறக்கவே மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

அரசருக்கு வழியில்லை. வரிசை பதவிப்படிதான். குரூப் கேப்டனுக்கு முதலில் குத்தினார், ஜாக்சனுக்கு அப்புறம்.